நூற்று அறுபத்து நான்கில் என்னுடையவை

பேராசிரியர் பதவி உயர்வுக்கான விண்ணப்பத்தில் நான் கையெழுத்திட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. நாட்குறிப்பில் அவ்வளவுதான் இருக்கிறது. அன்று எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. விண்ணப்பத்தின் கடைசித் தாளில் அச்சாகியிருந்த எண் 164. என் நோட்டில் இருந்த எண் 97.

தஞ்சாவூருக்கு அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கட்டமைப்பு விசையியல் நடத்துகிறேன். என் ஆராய்ச்சி வாய்க்கால் மதகுகளைப் பற்றியது. ஆற்றில் தண்ணீர் விட்டதும் எங்கள் பக்கத்துக் களிமண் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் கிடக்கும் கான்கிரீட் பலகை எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்று கணக்கிடுவது என் வேலை. என் கட்டுரையை வேறொருவர் தம் கட்டுரையில் எடுத்துச் சுட்டினால் அது ஒரு மேற்கோள். பேராசிரியர் ஆக நூறு மேற்கோள் வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. நம்மை நாமே சுட்டிக்கொண்டது கணக்கில் வராது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே நோட்டில் ஏற்றுவேன்.

அலுவலகத்தில் இணையத்தில் என் பெயரைத் தட்டி, வந்ததை அச்செடுத்து இணைத்திருந்தார்கள். "சரி பார்த்துக்குங்க சார்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். பார்த்தேன். அந்த எண் என்னுடையது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்குத் தெரியாதது கணினிக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. கையெழுத்திட்டேன்.

நேர்காணலுக்கு மூன்று வாரம் இருந்தது. இரண்டாம் நாள் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த கட்டுரைப் பட்டியலை முழுதாகப் பிரித்துப் பார்த்தேன். என் மதகுகளுக்கு நடுவே, மெல்லிய இரும்புத் தகடுகள் அழுத்தத்தில் நெளிவதைப் பற்றிப் பதினொரு கட்டுரைகள். எழுதியவர் பெயர் என் பெயர். இனிஷியலும் அதேதான். ஊர் திருவாரூர்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"கம்ப்யூட்டர் பண்ணின தப்புக்கு நீங்க ஏங்க வாடுறீங்க?"

"கையெழுத்தைக் கம்ப்யூட்டர் போடலையே."

"அப்போ போய்ச் சொல்லிடுங்க. பட்டினி கிடந்தா எண்ணிக்கை ஏறுமா?"

பெயர் எப்படி இரண்டானது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அப்பா திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணையாள். கூலி நெல்லுக்காகச் சண்டை மூண்டு, வரப்பில் போலீஸ் நிற்க அறுவடை நடந்த பருவத்தில் நான் பிறந்தேன். அதுவரை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பண்ணை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அதுதான் பெயர். அப்பா அதற்கு இடம் தரவில்லை. என்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய், கட்சிக் கூட்ட மேடையில் தலைவர் கையில் கொடுத்தார். தலைவருக்கு அடுத்த ஊர்க் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம். வரிசையில் நின்ற ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நல்ல தமிழ்ப் பெயரை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒன்பதாம் நாள், அவர் கட்டுரை ஒன்றின் அடியில் இருந்த போன் எண்ணுக்குப் பேசினேன். என் பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் சிரிப்பு.

"சார், மதகு நீங்கதானா? போற இடமெல்லாம் உங்க கட்டுரைக்கு எனக்குக் கை கொடுக்கிறாங்க. வெட்கமாப் போயி, ஒருநாள் உட்கார்ந்து படிச்சேன். நல்லா இருந்துச்சு. போன மாசம் என் கட்டுரையில உங்களை மேற்கோள் காட்டியிருக்கேன்."

"உங்களுக்கும் மேடையில வச்ச பேரா?"

"பின்னே? எங்க பக்கத்து மேடை. நானும் பதவி உயர்வுக்குப் போட்டிருக்கேன் சார், எங்க கல்லூரியில."

அவரும் இணையம் தந்த எண்ணை வைத்துத்தான் போட்டாரா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அதற்குள் புதிய இதழ்களில் இரண்டு மேற்கோள் கண்டுபிடித்திருந்தேன். அவருடையதையும் சேர்த்தால் சரியாக நூறு. நோட்டைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்தேன். திருவாரூர்க்காரர் கட்டுரைகள் கலந்திருப்பதால் 164 என்ற தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதமும் எழுதினேன். இரண்டையும் நேர்காணல் அறைக்குள் நுழைந்ததும் மேசைமேல் வைத்தேன்.

முதல்வர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாருமே கேட்கலையே சார். நீங்களா எதுக்கு?"

வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் பட்டியலில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வந்தார். நூறாவது வரியில் பென்சில் நின்றது. குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

"இது நீங்களே உங்களைச் சுட்டிக்கிட்டது. சேராது. தொண்ணூற்று ஒன்பது."

"அது நான் இல்லை சார். திருவாரூர்க்காரர்."

"பேர் உங்க பேர், இனிஷியல் உங்க இனிஷியல். இப்பத்தான் அவர் கட்டுரை எதுவும் உங்களுது இல்லைன்னு எழுதிக் கொடுத்தீங்க. அப்படி ஒருத்தர் தனியா இருக்கார்னு எப்படி நம்புறது?"

அங்கேயே திருவாரூர்க்காரருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வகுப்பில் இருந்திருப்பார். மணி பன்னிரண்டு ஐந்து.

ஓரத்தில் கோப்புகளோடு நின்ற கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "சார், எங்க தெருவுலயே இந்தப் பேருல நாலு பேர். தபால்காரர் அப்பன் பேரைக் கேட்டுத்தான் கொடுப்பார். அதுலயும் ரெண்டு பேருக்கு இனிஷியல் ஒண்ணு."

நிபுணர் அதற்குச் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பதினொன்றுக்குப் போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். எதிர்முனையில் இருந்தவர் தம் பெயரைச் சொன்னார். முதல்வர் என்னைப் பார்த்தார்.

"அந்த மதகுக் கட்டுரையை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டார் நிபுணர்.

"தகட்டுக்கு அடியில இருக்கிற மண்ணை எல்லாரும் அசையாததா வச்சுத்தான் கணக்குப் போடறோம் சார். அவர் ஒருத்தர்தான் அது உப்பிச் சுருங்குறதைச் சேர்த்திருக்கார்."

நிபுணர் ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார். முழுதாக அழியவில்லை. "சரி, நூறு" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் 164 அச்சான தாளைக் கையில் எடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போடும்போது இந்த எண்ணைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள்.

"பார்த்தேன் சார்."

"உங்களுது இல்லைன்னு தெரியுமா?"

"தெரியும்."

முதல்வர் கோப்பை மூடினார். "அடுத்த வருஷம் புதுசா ஒரு விண்ணப்பம் போடுங்க சார்" என்றார். குரலில் கோபம் இல்லை.

மாலையில் திருவாரூர்க்காரரே கூப்பிட்டார். "என்ன சார், ஆயிடுச்சா? என் குரலைக் கேட்டு ஒத்துக்கிட்டாங்களா?"

நடந்ததைச் சொன்னேன்.

"பார்த்தேன்னேவா சொன்னீங்க?"

"ஆமா."

எதிர்முனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எனக்கு நேர்காணல் வெள்ளிக்கிழமை சார்" என்றார்.