சீலிங் மறைத்த பதினொரு மணி

முள்ளியவளையில் எங்கள் பழைய வீட்டுக்கு இன்று புதுச் சீலிங். கறையான் தின்ற பலகையைக் கழற்றி, வெக்கை இறங்காமல் வெள்ளித்தாள் விரித்து, தச்சுவேலைக்கு வந்த பாஸ் கூரையடி முழுவதையும் மூடிவிட்டார்.

வழமையாகப் பதினொரு மணிக்கு உலை வைக்கும் அம்மா, ஒரு மணியாகியும் சும்மா இருந்தார். ஏனென்று பாஸ் கேட்டார்.

"கூரைக் கண்ணாடி ஓட்டு வெளிச்சம் பழைய சீலிங் ஓட்டைக்குள்ளாலை வந்து அலுமாரிப் பிடியிலை விழேக்கைதானே தம்பி நான் உலை வைக்கிறனான்?"

பாஸ் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி, பழைய இடத்திலேயே ஒரு நாணயக் குற்றியளவு வெட்டினார்.

தூசி மினுங்க வெளிச்சம் மெல்ல இறங்கி, அலுமாரியைத் தாண்டி விழுந்தது.

"வேறை இடத்திலை வெட்டவோ அம்மா?"

"வேண்டாம், அலுமாரியைத் தள்ளுங்கோ."

நாலு பேர் பிடித்துத் தள்ளினோம். வெளிச்சம் பிடியில் குந்தியது. அம்மா எழும்பி உலை வைத்தார்.

பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை. பதினொரு மணி வெளிச்சம் விழும் இடத்தில் இப்போது அலுமாரி இல்லை.

இனி எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. வருகிறவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.