நேராக நின்ற வண்டி

சூலூரிலிருந்து விடியற்காலையில் போன் வந்தது. பேசியவர் சென்னியப்பன் அண்ணன். "அம்மணி, உங்க நங்கையா எந்திரிக்கல கண்ணு. கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டேன்" என்றார். பிறகு, "இன்னிக்கு டயாலிசிஸ் நாளாச்சே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பல வருடமாக அந்த வீட்டில் கிழமைகளே இரண்டுதான்: டயாலிசிஸ் உள்ள நாள், இல்லாத நாள்.

ருக்மணி என் கணவரின் அக்கா, எங்கள் கொங்குப் பேச்சில் நங்கையா; சென்னியப்பன் அண்ணன் அவருடைய கணவர். அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானதும், அதுவரை அவர் ஓட்டிவந்த பழைய காரை நங்கையா ஓட்டத் தொடங்கினார். வாரம் மூன்று முறை கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. நாங்கள் சிங்காநல்லூரில், போகிற வழியில்தான் இருக்கிறோம். ஆனாலும் துணைக்குக் கூப்பிட மாட்டார். "நீ வேலைக்குப் போறவ. நான் படுத்துட்டேன்னா அப்ப வா" என்பார்.

வழி நெடுக அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். "ஏனுங்க, அந்தப் பக்கம் பிரேக் இல்லீங்க. தரை ஓட்டையாயிரும்" என்று நங்கையா கேலி செய்வார்.

ஓர் ஆயுத பூஜைக்கு என் கணவர், அக்காவுக்கு உதவுகிறேன் என்று காரை வாட்டர் சர்வீசுக்கு விட்டு, அடிப்பக்கம் பளபளவென்று ஆயில் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். துருப்பிடிக்காமல் இருக்க இங்கே பலரும் செய்வதுதான். பிரேக் ஆயிலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஓஸ் குழாய் ரப்பரால் ஆனது என்பது யாருக்கும் நினைவில் வருவதில்லை. நங்கையா குனிந்து பார்த்தார். "தம்பி, ரப்பருக்கு எண்ணெய் ஆவாதப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பழந்துணியால் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

எண்ணெயாலோ வயதாலோ, சில மாதங்களில் பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது. அந்தச் சக்கரம் தொட முடியாமல் சுட்டது. ஓஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டது, மிதித்தால் போகிற ஆயில் விட்டால் திரும்புவதில்லை என்றார் மெக்கானிக். அந்தப் பக்க ஓஸை மட்டும் மாற்றலாம் என்றார். நங்கையா கேட்கவில்லை. "ரெண்டையும் மாத்திப்போடுங்க. அதுக்கு ஆன வயசுதானுங்க இதுக்கும். நின்னா வண்டி நேரா நிக்கோணும்."

புது ஓஸ் போட்டால் உள்ளே இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். மெக்கானிக் அடியில் படுத்துக்கொள்ள, ஒருவர் பெடலை மிதித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையை நங்கையா அண்ணனுக்குக் கொடுத்தார். அண்ணனுக்குக் காது மந்தம். அதனால் நங்கையா கதவோரம் நின்று, மெக்கானிக் கீழிருந்து சொல்வதை உரக்கச் சொன்னார்: "அமுத்துங்க… உடாதீங்க… இப்ப உட்டுருங்க." நோய் வந்த பிறகு அண்ணன் முகத்தில் அத்தனை மிடுக்கை நான் பார்த்ததில்லை.

சென்ற மாதம் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்துப் பார்த்தபோது, ஓஸ்களில் மறுபடி வெடிப்பு தெரிந்திருக்கிறது. புதுசு வாங்கி டிக்கியில் போட்டுவைத்தார். "ஞாயித்துக்கெழம மாத்திப்போடலாம்" என்று போனில் சொன்னார். சனிக்கிழமை எழுந்திருக்கவில்லை.

அதன்பின் வாடகைக் காரில் போனோம். ஒருநாள் வருகிறேன் என்ற டிரைவர் கடைசி நேரத்தில் வரவில்லை. அண்ணன் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், இனி நானே ஓட்டுகிறேன் என்றேன். ஓஸ் மாற்றாமல் அந்த வண்டியை எடுக்க மாட்டேன் என்றும் சொன்னேன். "எளவு ஊட்டுல வண்டியப் பிரிச்சுப் போடாதீங்க, கருமாதி முடியட்டும்" என்றார் ஒரு பெரியவர். எனக்குக் கோபம் வந்தது. கருமாதி வரைக்கும் சிறுநீரகம் பொறுத்துக்கொள்ளுமா? சண்டை போடவும் தெம்பில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன்.

அண்ணன் தானாகவே வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். கீழிருந்து குரல் வந்தது. "அமுத்துங்க" என்றேன். அமுக்கினார். "உடாதீங்க" என்றேன். விடவில்லை. மெக்கானிக் திருகை இறுக்கிவிட்டு, "உடச் சொல்லுங்கக்கா" என்றார். சொன்னேன். அண்ணன் காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தார். நானும் அழுதேன். மெக்கானிக் அடியிலேயே படுத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் தோளைத் தொட்டு, "ஏனுங்ண்ணா, உட்டுருங்க" என்றேன். மெல்லக் காலை எடுத்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த சக்கரம்" என்றார்.

நங்கையா, மறுநாள் உங்கள் இடத்தில் உட்கார்ந்து நான் ஓட்டினேன். ஒண்டிப்புதூரில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. நான் மிதித்தேன். பக்கத்தில் அண்ணனும் மிதித்தார். வண்டி நேராக நின்றது. நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். நான் வந்துவிட்டேன்.