சுக்கான் கல்லில் ரத்தம்

நான் வாழ்க்கைப்பட்ட ஊரில், பெண்கள் ஒதுங்கும் கருவேலங்காட்டுக்குள் அகலமான சுக்கான் கல் ஒன்று கிடந்தது. கீழப்பழுவூரைத் தாண்டி அரியலூர் வரைக்கும் எங்கே தோண்டினாலும் வருகிற வெள்ளைக் கல்தான். கிழக்கு வெளுக்கும் முன்னால் போய்த் திரும்பிவிட வேண்டிய எங்களுக்கு இருட்டில் அந்தக் கல்தான் அடையாளம். ஒருநாள் விடிகிற நேரத்தில் அதன் மேல் ரத்தம் சொட்டிக் கிடந்ததை முதலில் பார்த்தவள் நான். அப்போதுதான் விழுந்த ரத்தம். சுற்றிலும் ஒரு கோழி இறகுகூட இல்லை. வீட்டுக்கு விலக்கானவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது, அவர்களுக்கு ஓடைக்கு அந்தாண்டை வேறு இடம். அதனால் அது பெண்ணின் ரத்தமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஓட்டமாக வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. "காட்டேரி வந்துட்டா" என்றார்.

யுத்தம் முடிந்து துணிக்கும் அரிசிக்கும் நாய்படாத பாடு பட்ட காலம் அது. நான் அந்த வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவருக்கு அண்ணன் ஒருவர், எனக்கு மூத்தார். அவருடைய மனைவி, அதாவது என் ஓரகத்தியைத்தான் நான் இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாயைத் திறந்தால் கேலிதான். நான் சோற்றைக் குழைய விட்டால், "கஞ்சித் தொட்டியில ஊத்து, மாடாவது உன்னைய வாழ்த்தும்" என்பார். அப்படிப்பட்டவர் அந்த வருஷம் பேச்சையே குறைத்துக்கொண்டார். மஞ்சள் பூசிய முகத்தில் மஞ்சள் மட்டும் தெரிந்தது, கீழே இருந்த நிறத்தைக் காணோம். குடத்தை இடுப்பில் ஏற்றினால் மூச்சு வாங்கியது. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. ஒரு மத்தியானம் அடுப்படிக்குள் நுழைந்தபோது, அக்கா அடுப்பு மேட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. பார்த்துக்கொண்டே மென்றார். அந்த மண் நெறுநெறுவென்று அரைபடும் சத்தம் இந்த வயதிலும் என் காதில் விழுகிறது. அன்றிலிருந்து தலைமாட்டில் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு படுத்தேன். கணவர் சிரித்தார். அவருக்கென்ன, அவர் பகலில் சமையல்கட்டுக்கு வந்ததுண்டா?

மாமியார் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். கல்லில் ரத்தம், மருமகள் உடம்பில் ரத்தம் இல்லை, மண்ணைத் தின்கிறாள். காட்டேரி அவளைப் பிடித்து ரத்தத்தைக் குடித்து மிச்சத்தைக் கல்லில் துப்பிவிட்டுப் போகிறாள் என்பது அவர் கணக்கு. உடுக்கையடிக்கும் பூசாரியை வரவழைத்தார்கள். அவர் முன்னால் அக்காவை உட்கார வைத்தபோது, வலி பொறுக்காமல் ஐயோ என்று அலறி எழுந்தார். பூசாரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "உக்கார மாட்டேங்குறா பாருங்க. வர்ற வெள்ளிக்கிழம வேப்பமாறால நாலு வாங்குனா எறங்கிடுவா" என்றார். வேப்பங்கிளையால் அடித்து, பேய் இறங்கியதும் உச்சிமுடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரைக்கும் அக்காவுக்குப் பச்சைத் தண்ணீரும் அவலும்தான் ஆகாரம் என்று கட்டளை.

வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு விடியற்காலை அக்கா தனியாகக் கிளம்பினார். மாமியார் என்னைப் பின்னாலேயே அனுப்பினார். விளக்குமாற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். முள்ளுக்குள் அந்த வெள்ளைக் கல் தெரிந்தது. அதன் மேல் ஒரு உருவம் எழுந்து நின்றது, பிறகு குனிந்தது, காலால் மண்ணை இழுத்து இழுத்துக் கல்லின் மேல் தள்ளியது. தலைமுடி முகத்தை மூடிக்கொண்டிருந்தது. கத்த வாயைத் திறந்துவிட்டேன். அடுத்த நொடி ஒரு கை என் வாயைப் பொத்தியது. செத்தவர் கை போல அப்படி ஒரு குளிர்ச்சி.

"கத்தாத புள்ள. பேயுமில்ல ஒண்ணுமில்ல. எனக்கு மூலம்." அக்காவின் குரல்தான்.

கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே இருந்ததாம். போகும்போதெல்லாம் சொட்டுமாம், இப்போது ஊற்றுகிறதாம். கல்லில் நான் பார்த்ததும் அதுதான்; அன்றைக்கு என் காலடிச் சத்தம் கேட்டு மண்ணைத் தள்ளாமலே போய்விட்டாராம். பகலெல்லாம் அடக்கிக்கொண்டு, இருட்டினால்தான் போக முடியும் என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை, சோற்றையும் குறைத்துக்கொண்டார். அதனாலேயே இறுகி, இன்னும் மோசமானது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தைகிட்ட சொல்லிடலாம்க்கா, அடிச்சுக் கொன்னுடுவாங்க" என்றேன்.

"பேய் புடிச்சவள பாவம்னாவது சொல்லுவாங்க. இத சொன்னா சிரிப்பாங்க. உன் மூத்தாரு தெருவுல தல நிமிந்து நடப்பாரா? யாருகிட்டயாச்சும் சொன்ன, நான் ஓடக் கிணத்துல கெடப்பேன், பாத்துக்க."

சொன்னதைச் செய்யக்கூடியவர். பேய்க்குப் பயந்ததைவிட அந்தப் பேச்சுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

இன்றைக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் மூலம், பௌத்திரம் என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் பையன்கள் கூச்சமில்லாமல் களிம்பு கேட்டு வாங்குகிறார்கள். பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, ஆத்திரமாகவும் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் ஒருத்தி பேயாகச் சாகத் தயாராக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. உடுக்கைச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அக்காவை வாசலில் நிறுத்தி மாமியாரும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் உதடு வெள்ளைக் காகிதமாக இருந்தது. பூசாரி வேப்பமாற்றை எடுத்தார். நான் ஒரு முடிவோடுதான் இருந்தேன். மருமகள் பேசினால் அந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், சாமி பேசினால் கேட்டாக வேண்டும். கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றி ஆடத் தொடங்கினேன். மூத்தார் எதிரே நான் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரைப் பார்த்து, "வண்டியப் பூட்டுடா! அரியலூரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போடா!" என்று கத்தினேன். திட்டம் போட்டு வைத்திருந்தது அந்த இரண்டு வாக்கியம்தான். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது என் முகத்தில் தண்ணீரும் நெற்றியில் திருநீறும் இருந்தன. வாசலில் ஆள் இல்லை, வண்டி போயிருந்தது.

அரியலூரில் அப்போது ஒரு டாக்டரம்மா இருந்தது எங்கள் நல்ல காலம். பார்த்த உடனேயே சொல்லிவிட்டாராம்: ஆசனவாயில் ரத்தக் குழாய்கள் வீங்கித் தொங்குகின்றன, வருஷக்கணக்காக ரத்தம் போனதால் உடம்பில் ரத்தம் வற்றிவிட்டது, மண்ணைத் தின்னத் தோன்றுவதும் அந்தச் சோகையினால்தான். இரும்புச் சத்து மருந்து கொடுத்து, வெந்நீரில் உட்கார வைத்து, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகு நூலால் கட்டி எடுத்தார்கள். நிறையத் தண்ணீரும் மோரும் குடி, கீரை சாப்பிடு, வந்தால் அடக்காதே என்று சொல்லி அனுப்பினார். வீடு திரும்பிய மறுநாளே மூத்தார் கொல்லைப்புறத்தில் அக்கா ஒதுங்குவதற்கென்று பள்ளம் வெட்டிப் பனையோலைத் தட்டி கட்டினார். அந்த மனிதரைப் பற்றி அக்கா பயந்ததெல்லாம் வீண். அக்கா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார், கேலியும் திரும்பி வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, துணைக்கு இருந்த மாமியார் ஒருநாள் அரிசி எடுத்துப்போக வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் என் எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்குச் சாமி வந்தப்ப என்னையப் பாத்து ஒண்ணு கேட்டியே, அது உனக்கு யாரு சொன்னது?"

"நான் என்ன கேட்டேன் அத்தை?"

"'ஒருத்தி கையப் புடிச்சது பத்தாதாடி'ன்னு கேட்ட."

நான் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை, இன்று வரைக்கும் இல்லை. யாரும் எனக்கு எதையும் சொல்லியிருக்கவும் இல்லை. அதைத்தான் சொன்னேன். மாமியார் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. அடுப்பு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கக்காளும் இப்புடித்தான் மண்ணத் தின்னா. எங்கக்காளும் உக்கார மாட்டா" என்றார். "அடிக்கிறப்ப திமிறினா. நாந்தான் கையப் புடிச்சுக்கிட்டேன். அடி நின்ன பொறவும் விடல. பேய் எறங்கிடுச்சு, அதான் சும்மா இருக்கான்னு நெனச்சு, அவ கை சில்லிட்டுப் போறவரைக்கும் புடிச்சுக்கிட்டே இருந்தேன்."