பௌர்ணமி நாள் சூரியன்

பி.டி. சார் வரவில்லை என்று அவருடைய விசிலைத் தற்காலிக ஆசிரியையான என் கையில் திணித்துவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராமல், பாதி வழி நடந்தே வந்த கால்கள் கெஞ்சின. ஆறாம் வகுப்பைப் பேசாமல் உட்கார வைத்துவிடலாம் என்றிருந்தேன். விசிலைச் சும்மா ஊதிப் பார்த்தேன். அந்தக் கீச்சொலியில்தான் யோசனை வந்தது.

நான் ஆறாவது படித்தபோதும் இப்படியொரு பௌர்ணமி. சயின்ஸ் மிஸ்ஸின் பஸ் வரவில்லை; பாடம் எடுக்க வந்தவர் அன்றைய எங்கள் பி.டி. சார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களை மைதானத்துக்கு விரட்டினார்.

"சூரியன், அட்டென்ஷன்! பூமி, ஓடு! நிலா, நீ பூமியச் சுத்து!"

நான்தான் நிலா. மூக்கெல்லாம் புழுதி.

"சார், தலை சுத்துது சார்."

"ஊரே மலையச் சுத்துது, நீ பூமியச் சுத்த மாட்டியா? வேகம் கம்மி, ஓடும்மா!"

சிரித்துக்கொண்டே ஓடிய அந்தப் பாடம் மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

"மிஸ், போன வாரமும் கணக்கு மிஸ் இந்த பீரியட எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கும் உள்ளயேதானா?" முதல் பெஞ்சுப் பெண் அழாத குறையாகக் கேட்டாள்.

"எழுந்திருங்க, கிரவுண்டுக்குப் போலாம். பூமி யாரு, நிலா யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

சூரியன் மட்டும் நான்தான். அது நின்ற இடத்திலேயே நிற்கலாம்.