பாண்டிலட்சுமி அடைத்து வைத்த வெளிச்சம்

வானம் லேசாக உறுமினால் போதும், சங்கிலிமுத்து சோற்றில் வைத்த கையோடு எழுந்துபோய் வீட்டு மெயினை இறக்கிவிடுவார். அப்புறம் உள்ளே இருக்கிற ஆளையெல்லாம் வெளியே விரட்டுவார். பட்டாசுக் கம்பெனியில் அதுதான் முறை. இடி கேட்டால் மெயினை அணைத்துவிட்டு, வெடிமருந்து இருக்கிற அறையை விட்டு எல்லாரும் வெளியேறிவிட வேண்டும். ஒரு தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்குகிறது என்று அவர் வேலைபார்த்த கம்பெனியில் அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார்கள். இடி விழுந்து மருந்து வெடித்தது. உள்ளே இருந்த அவர் பெண்டாட்டி வள்ளித்தாயைத் துணியில் பொதிந்துதான் வெளியே கொண்டுவந்தார்கள். வள்ளித்தாய் அவருடைய சொந்த அத்தை மகள், ஏழாயிரம்பண்ணை மொக்கைச்சாமிக்குக் கடைக்குட்டி. கட்டிக்கொண்டு வந்து ஒரு பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

அந்தப் பிள்ளை பாண்டிலட்சுமி வளர்ந்து, சென்னையில் ஆராய்ச்சி படிக்கப் போனாள். இரண்டாயிரத்து ஏழில் சங்கிலிமுத்து கம்பெனி வேனிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ள, அவரைப் பார்த்துக்கொள்ள மகள் கம்ப்யூட்டரைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"இதுக்குள்ள என்னதான் தாயி நடக்கு?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"தலைமுடியவிட மெல்லிசா ஒரு தகடுய்யா. அதுல வரிசையா ஓட்ட போட்டு, நடுவுல மட்டும் ஓட்ட போடாம விட்டா, உள்ள வந்த வெளிச்சம் வெளிய போகத் தெரியாம அங்கனயே சுத்தும். எந்த ஓட்டய எம்புட்டு நகத்துனா எம்புட்டு நேரம் நிக்கும்னு இது கணக்குப் போடுது."

பக்கத்து வீட்டு ஆண்டிச்சாமி கேட்டுக்கொண்டிருந்தார். "ஏலே சங்கிலி, நீ வெளிச்சத்த வெடிச்சுவிட்டுச் சம்பளம் வாங்குத, ஒம் மக அதப் புடிச்சு அடைக்காளாக்கும்! எனக்கு ஒரு டப்பா குடு தாயி, கரண்டு போனா தொறந்து வச்சுக்கிடுதேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தக் கணக்கு ஓடி முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். முடிந்ததும் அதை வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினால், அவரிடமே ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும். கெடு நெருங்கிவிட்டது. கணக்கும் முடிகிற தறுவாயில் இருந்தது. நாளைக்கு அனுப்பிவிடுவேன் என்று மெயில் போடத் திருத்தங்கல் பிரவுசிங் சென்டருக்குப் போனாள் பாண்டிலட்சுமி. "கரண்டு போனாலும் இந்தப் பெட்டி தாங்கும்யா, நீங்க ஒண்ணும் தொடாதீக" என்று யூபிஎஸ்ஸைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் போன பிறகு மேற்கே இடித்தது.

மாவுக்கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு போய்ச் சங்கிலிமுத்து மெயினை இறக்கினார். உடனே யூபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. மகள் சொன்னது எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை. மருந்து அறைதான் கண்முன்னால் நின்றது. வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தவழ்ந்தே வெளியே வந்து மழையில் உட்கார்ந்துகொண்டார்.

பாண்டிலட்சுமி நனைந்துகொண்டு வந்தவள், அப்பா மழையில் கிடப்பதைப் பார்த்ததுமே கணக்கு நின்றுபோனதைத் தெரிந்துகொண்டாள். நடுவில் சேமித்து வைக்க அவள் கணக்கில் ஏற்பாடு செய்திருக்கவில்லை. இனி முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும். அதற்குள் கெடு தாண்டிவிடும்.

"வஞ்சிரு தாயி" என்றார். "ரெண்டு வார்த்த வஞ்சிரு."

அவள் வையவில்லை. துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

அந்த இடம் வேறு யாருக்கோ போனது. பாண்டிலட்சுமி விருதுநகரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். கம்ப்யூட்டர் மேஜையிலேயே இருந்தது, மேலே ஒரு துணி. அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் அவள் கல்லூரி முடிந்து வரும்போது வானம் கிழிகிற மாதிரி இடித்தது. வீட்டில் விளக்கு எரிந்தபடி இருந்தது. அதுவே அவளுக்குப் புதிது. உள்ளே, சங்கிலிமுத்து மெயின் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியிருந்தார். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது.

"அய்யா! வெளிய வராம இங்கன என்ன செய்யுதீக?"

"நான் தொடல தாயி" என்றார், மேஜைமேல் துணி மூடியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. "உள்ள வெளிச்சம் சுத்திக்கிட்டு இருக்கும்லா."

பாண்டிலட்சுமி அவரிடம் குனிந்தாள்.

"அது அன்னைக்கே நின்னுபோச்சுய்யா."

அவளே எட்டி மெயினை இறக்கினாள். அவர் கையைத் தொடைக்கடியிலிருந்து விடுவித்துப் பிடித்துக்கொண்டு, மழைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.