கிரீடம் நடுவில் குழிந்திருந்தது

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டெக்சாஸின் பேர்லேண்டில் ஒரு வீட்டு டைனிங் டேபிளில் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொல்வதா... மழுப்புவதா?

என் பைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பழைய பிரிட்டிஷ் ராணுவத் தொப்பி பேட்ஜ்கள். இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது தொற்றிக்கொண்டது, இங்கே வந்தும் விடவில்லை. அசலா, போலியா என்று கேட்டு யாராவது போன் பண்ணுவார்கள். பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள். போலி என்றால் போலி. சொல்லிவிட்டு வைத்துவிடலாம். ஆனால், பஜ்ஜி போட்டு உட்காரவைத்த வீட்டில்?

செந்தில் எனக்குக் கோயிலில் பழக்கம். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவில், ஒரு பிரிட்டிஷ் பீரங்கிப் படைக்கு லாரி ஓட்டியவர். போர் முடிந்து பிரியும்போது வெள்ளைக்கார சார்ஜன்ட் ஒருவர் தன் தொப்பியிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம் இந்த பேட்ஜ். ஒரு பீரங்கி, அதன் தலைக்கு மேலே ஒரு கிரீடம். செந்திலின் மகள் அனு, காலேஜ் அப்ளிகேஷனுக்காக எழுதிய கட்டுரை முழுக்க இதைப் பற்றித்தான். மறுநாள் அனுப்பியாக வேண்டும்.

"ஆன்ட்டி, ஐ ஜஸ்ட் வான்ட் டு பீ ஷ்யூர்" என்றாள் அனு.

"ஷ்யூர் பண்ண என்ன இருக்கு? ஒரிஜினல்னு அக்கா ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார் செந்தில்.

மூன்றாவது ஆள் செந்திலின் அப்பா. முத்தையா அங்கிள், எண்பது வயது, திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அவர் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

முதலில் பின்பக்கத்தைத் திருப்பினேன். அச்சில் வைத்து அடித்த பேட்ஜ் என்றால், முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும். உருக்கி ஊற்றிய போலிகளில் அப்படி இருக்காது, பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்திருக்கும். இதில் பள்ளம் சுத்தமாக இருந்தது. நல்ல பித்தளை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிறகுதான் முன்பக்கம் திருப்பி, கிரீடத்தைப் பார்த்தேன்.

போர் நடந்த காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவர் ராஜா. அப்போதைய பேட்ஜ்களில் கிரீடத்தின் வளைவு பூரி மாதிரி உப்பி நிற்கும். ராணி பட்டத்துக்கு வந்த பிறகு அடித்தவற்றில் அதே வளைவு நடுவில் குழிந்து இறங்கும். இது குழிந்திருந்தது. அதாவது, போர் முடிந்து பல வருஷம் கழித்துச் செய்த பேட்ஜ். பர்மாவைப் பார்த்திருக்கவே முடியாது.

லென்ஸைத் துடைத்தேன். ஜன்னல் பக்கம் போய் மறுபடியும் பார்த்தேன். கிரீடம் மாறுமா என்ன?

"என்னக்கா, இவ்ளோ நேரம்?"

சொல்லிவிட்டேன். பேட்ஜ் பிரிட்டிஷ் பேட்ஜ்தான், போலி இல்லை. ஆனால் போர்க்காலத்துப் பேட்ஜ் இல்லை.

செந்திலின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப எங்க தாத்தா ஊரெல்லாம் பொய் சொல்லிட்டுத் திரிஞ்சாருங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலை..."

"வேற எப்படிக்கா அர்த்தம் பண்றது? சாகிற வரைக்கும் வர்றவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டுனாரு!"

காபி டம்ளர் டக்கென்று மேஜையில் உட்கார்ந்தது.

"எங்கப்பா பொய் சொல்லலை. நான்தாம்லே சொன்னேன்" என்றார் முத்தையா அங்கிள்.

பத்து வயதில், கூட்டாளிகளிடம் காட்டுவதற்காக அந்த பேட்ஜைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார். எங்கேயோ விழுந்துவிட்டது. அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. அதன் பிறகு பர்மா பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் இவரை அறுத்திருக்கிறது. பிறகு சென்னையில் காலேஜ் படிக்கும்போது மூர் மார்க்கெட்டில், ஒரு பழைய சாமான் கடையில் அதே பீரங்கி, அதே கிரீடம்! வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், "பழைய டிரங்குப் பெட்டிக்கு அடியில கிடந்துச்சுப்பா" என்று நீட்டியிருக்கிறார்.

"கையில வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோயிப் பாத்தாவ. 'கிடைச்சிட்டா... நல்லதுய்யா'ன்னாவ. அன்னைக்கு ராத்திரியே பர்மா கதை ஆரம்பிச்சிட்டு. கடைசி வரைக்கும் என் திருட்டுத்தனம் அவுகளுக்குத் தெரியாமலே போச்சு. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

அனு மெதுவாகக் கேட்டாள்.

"பட் தாத்தா... உங்க அப்பா ஹேட் தி ரியல் ஒன் ஃபார் இயர்ஸ். வுடன்ட் ஹி நோ?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அறுபது வருஷமாகக் கேட்காத கேள்வி, முகத்தில் அப்படியே நின்றது.

"ஏம்மா... தெரிஞ்சிருக்குமா?"

இதற்கு லென்ஸ் எதற்கு? அசலை வருஷக்கணக்கில் கையில் வைத்திருந்த மனிதர். உப்பிய கிரீடம் குழிந்துபோனதை விரலே சொல்லியிருக்கும்.

"பார்த்த உடனேயே தெரிஞ்சிருக்கும் அங்கிள்."

அவர் பேட்ஜை எடுத்து, கட்டை விரலால் அந்தக் குழிவைத் தடவினார். ஒரு தடவை, இன்னொரு தடவை. "வெளிச்சத்துல பாத்துட்டு, என் தலையில கை வச்சாவம்மா. அதுக்கு முன்னால அவுக அப்படிச் செஞ்சதே கிடையாது. ஏன்னு எனக்கு இப்பத்தான் விளங்குது" என்றார். செந்தில் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அனு லேப்டாப்பைத் திறந்து, எழுதி வைத்திருந்த கட்டுரை முழுவதையும் அழித்தாள். "தாத்தா, ஸ்டார்ட் ஃப்ரம் தி ஸ்கூல்" என்றாள்.

இனிமேல் யாராவது பேட்ஜைக் கொண்டுவந்தால், அசலா போலியா என்று சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்வேன் — இதை யார், யாருக்குக் கொடுத்தது?