ரிப்பேர் மன்றத்தில் எவ்வளவு வருது?

இணையத்தில் இலவசமாக மன்றம் நடத்துவதைத் தொழில் என்று ஒத்துக்கொள்ள ஊரில் ஒருத்தரும் கிடையாது. ஆனால் அதில் எவ்வளவு வருது என்று கேட்காத ஆளும் ஒருத்தர் கிடையாது. ஊருக்கு உபகாரமாக எதையோ ஆரம்பித்துவிட்டு, வீட்டில் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற என் சக ஜென்மங்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கலைச்செல்வி. கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு ‘ரிப்பேர் மன்றம்’ என்று ஒன்றைப் பதினோரு வருஷமாக நடத்துகிறேன். போர் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, படகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை, இன்வெர்ட்டர் கத்துகிறது என்று யார் வேண்டுமானாலும் தமிழில் கேட்கலாம். தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். கேட்கவும் காசில்லை, படிக்கவும் காசில்லை. ஆனால் அத்தனையும் குடியிருக்கிற சர்வருக்கு வருஷா வருஷம் வாடகை உண்டு. அந்த வாடகை இவ்வளவு நாளும் என் வீட்டுக்காரரின் ஓவர்டைம் பணத்தில்தான் போனது. அவர் குடிகாடு பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் ஆபரேட்டர்.

போன வருஷம் பொங்கலன்று கரும்பைக் கடித்துக்கொண்டே ஒரு கெடு வைத்தார். “அடுத்த பொங்கலுக்குள்ள அது வாடகைய அதுவே கட்டிக்கணும். இல்லன்னா இழுத்து மூடிடு.” எனக்கு வந்ததே கோபம்! வீம்புக்கு, “கட்டிக் காட்டுறேன், பாருங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். மூடினால் பதினோரு வருஷத்துக் கேள்வியும் பதிலும் ஒரே நாளில் காணாமல் போய்விடும்.

கோடீஸ்வரி

கெடு வைத்த அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலை என் பெரிய மாமாவுக்கு. வெளிநாட்டில் இதே மாதிரி ஓசி மன்றம் ஒன்றைப் பெரிய கம்பெனி கோடிக்கணக்கில் வாங்கிவிட்டதாம், வீடியோவில் பார்த்தாராம். “உன்னோடதுல எத்தன பேரும்மா?” என்றார். பன்னிரண்டாயிரம் பேர் என்றேன். பாயசம் வருவதற்குள் மனசுக்குள்ளேயே பெருக்கிவிட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் வைத்தால்கூட மாதத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல்.

“மாமா, அவுங்க யாரும் எனக்கு ஒரு ரூபா தர்றதில்ல” என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு. வீட்டுக்கு மாடி எடுக்க மூன்று லட்சம் கைமாத்தாகக் கேட்டார். இல்லை என்றதும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு எழுந்தார். எழும்போது எதிர் வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “படிச்ச பொண்ணு, வருமான வரிக்காரனுக்குப் பயந்து சொந்தத் தாய்மாமன்கிட்டயே மறைக்குது.”

ரம்மியும் ஊறுகாயும்

சரி, மாமா சொன்ன மாதிரி காசு பார்க்கத்தான் செய்வோமே என்று ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தேன். மன்றத்தின் பக்கங்களில் அவர்கள் விளம்பரம் போடுவார்கள். பார்த்தால் பைசா, யாராவது அமுக்கினால் ரூபாய். முதல் வாரமே பரவாயில்லாமல் வந்தது. நன்றாகக் கொடுத்தது எல்லாம் ரம்மி விளம்பரம்தான். இரண்டு மாதம் கழித்து ஒரு உறுப்பினர் எனக்கு மட்டும் தனியாக எழுதினார். மோட்டார் ஏன் சூடாகிறது என்று கேட்க வந்தாராம். கீழே இருந்த சீட்டாட்டத்தை அமுக்கி, பாதிச் சம்பளத்தை விட்டுவிட்டாராம். “உங்க சைட்ல வந்துச்சே, நல்லதாதான் இருக்கும்னு நம்பிட்டேன் மேடம்” என்று முடித்திருந்தார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விளம்பரக் கம்பெனிக்குப் போன் போட்டு, ரம்மி இனிமேல் என் மன்றத்தில் வரவே கூடாது என்றேன். அந்தப் பக்கம் பேசியவர் தன்மையான மனுஷன். வருமானம் பாதிக்கு மேல் படுத்துவிடும் என்று எடுத்துச் சொன்னார். படுக்கட்டும் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: “மேடம், ரம்மிய எடுத்துட்டா உங்களுக்கு மிச்சம் நிக்கறது முடி வளர்ற எண்ணெயும் ஊறுகாயுந்தான்.”

தேவனாம்பட்டினத்து மொய்

ஊறுகாயை வைத்து வாடகை கட்ட முடியுமா? மன்றத்தில் ஒரு அறிவிப்பு போட்டேன். “நண்பர்களே, விளம்பரம் வந்தால்தான் மன்றம் நடக்கும், கொஞ்சம் பார்த்து ஆதரவு கொடுங்கள்.” நான் எழுதியது அவ்வளவுதான். புத்தி கெட்டுப் போய் எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மன்றத்தில் படகு இன்ஜின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறவர் சேவியர் அண்ணன். தேவனாம்பட்டினத்தில் மெக்கானிக். ராத்திரி இரண்டு மணிக்குக் கடலில் இன்ஜின் நின்றாலும் போனை எடுக்கிற ஆள். என் அறிவிப்பைப் பார்த்ததும் அவர் சும்மா இருப்பாரா? கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் யாரும் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது என்கிற மாதிரி எடுத்துக்கொண்டார். கரைக்கு வந்து வலையைப் பிரிக்கிறவர்கள், மீனை ஏற்றிவிட்டு டீ குடிக்கிறவர்கள் என்று ஒருத்தரையும் விடவில்லை. அத்தனை பேரும் போனை எடுத்து மன்றத்தைத் திறந்து, விளம்பரத்தை அமுக்கு அமுக்கு என்று அமுக்கியிருக்கிறார்கள்.

இங்கே எனக்கு வருமானம் கிடுகிடுவென்று ஏறியது. நாலு நாளில் முக்கால் வருஷத்து வாடகை! வீட்டில் கேசரி கிண்டிவிட்டேன். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. ஒரே கடற்கரையிலிருந்து ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அமுக்குகிறார்கள், இது மோசடி, உங்கள் கணக்கை மூடிவிட்டோம், சேர்ந்திருந்த பணம் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போகும். நான் எழுதிய விளக்கத்துக்கெல்லாம் பதிலே இல்லை.

அழுகையும் ஆத்திரமுமாகச் சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன். மனுஷன் இடிந்துபோய்விட்டார். அப்புறம் சொன்னார்: “ஆளுக்கு இருவது தடவதான் அமுக்கணும்னு கண்டிசனாதான் சொன்னேன் தங்கச்சி, சந்தோசத்துல அவனுங்கதான் ஜாஸ்தியா அமுக்கிட்டானுங்க.”

கருவாடு

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகப் படகுக்காரர்கள் ஒரு மூட்டை நெத்திலிக் கருவாடு அனுப்பி வைத்தார்கள். தெருவே மணத்தது. ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் மூட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு என்னைப் பார்த்தார்: “சர்வர்காரன் கருவாடு திம்பானான்னு ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்.”

மூன்றாவது நடை

கேட்டதும் சுருக்கென்றது. எனக்கா வழி தெரியாது? மறுநாளே ஒரு முடிவுக்கு வந்தேன். கேட்கிறவர்களிடம் காசு வாங்கக் கூடாது, விற்கிறவர்களிடம் வாங்கலாம். மன்றத்தில் ‘கடைத்தெரு’ என்று ஒரு பகுதி திறந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால் தங்கள் சரக்கையும் விலையையும் அங்கே போட்டுக்கொள்ளலாம். திருப்பாதிரிப்புலியூரில் ஆரம்பித்து, மஞ்சக்குப்பம், பிறகு பஸ் ஏறிச் சிதம்பரம். அண்ணாமலை நகர் வாசல் வரைக்கும் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். புதுச் செருப்பு வார் அறுந்தது.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கடைக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் மேல் பாய்ந்தார். “நீங்கதானா அது! உங்க மன்றத்தப் படிச்சிட்டு வந்து, பேரிங் என்னா வெல, சீல் என்னா வெலன்னு எங்கிட்டயே சட்டம் பேசுறானுங்க. என் பொழப்புல மண்ணு போட்டதுக்கு நான் வேற காசு தரணுமா?” அடுத்த வாரம் மறுபடி போனேன். கல்லாவில் ஆள் இல்லை என்று அவரே சொன்னார்.

மூன்றாவது தடவை போனபோது நான் காசுப் பேச்சையே எடுக்கவில்லை. வந்திருந்த வாடிக்கையாளர் ஒருத்தர் போனில் எங்கள் மன்றத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சீல் அளவு கேட்டுக்கொண்டிருந்தார். “படிச்சிட்டுத்தான அண்ணே எல்லாரும் வர்றாங்க, உங்க கட பேரப் படிச்சிட்டு வரட்டுமே” என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், வாடிக்கையாளரைப் பார்த்தார், கல்லாவைத் திறந்தார்: “இந்தாம்மா, புடி, நாலாந்தடவ வந்து நின்னீங்கன்னா எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும்.”

ஒரு பக்கத்தின் விலை

இப்படிப் பிடித்த கடைகள் ஏழு. சேர்ந்தது அரை வருஷத்து வாடகை. பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அப்போது ஒருத்தர் போன் செய்தார். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி தயாரிக்கிறவராம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அவருடைய பெட்டியைப் பற்றி எங்கள் மன்றத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பெட்டியில் எர்த் கம்பி மாட்ட இடமே இல்லை, மூடியில் கரண்ட் பாய்கிறது என்று சேவியர் அண்ணன் பெட்டியைப் பிரித்துப் படத்தோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே ஐந்தாறு பேர் தங்களுக்கும் ஷாக் அடித்ததாக எழுதியிருந்தார்கள். மோட்டார் போடப் போன தன் மனைவியைத் தூக்கி வீசியதாக ஒருத்தர் எழுதியிருந்தார். அந்த அம்மா பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம். அந்தப் பக்கத்தை அழித்துவிட வேண்டும், அழித்தால் இரண்டு வருஷத்து சர்வர் வாடகை அன்றைக்கே வந்து சேரும் என்றார் போனில்.

ஆசை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பக்கத்தை இன்னொரு தடவை திறந்து, அந்த அம்மாவின் வீட்டுக்காரர் எழுதியதைப் படித்தேன். “அழிக்க முடியாதுங்க. பெட்டியச் சரிபண்ணுங்க, சரிபண்ணிட்டோம்னு அதே பக்கத்துல நீங்களே எழுதுங்க, அதுக்குக் காசு வேணாம்” என்றேன். போனை வைத்துவிட்டார்.

கொடுத்த வாக்கு வாக்குதானே. முழு வாடகை சேரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ‘நண்பர்களே, பொங்கலோடு நம் மன்றம்...’ என்று அறிவிப்பை எழுத ஆரம்பித்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கீபோர்டில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் யூனிபார்மைக்கூடக் கழற்றவில்லை. என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, அந்த ஸ்டார்ட்டர் பக்கத்தை மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். பதினோரு வருஷத்தில் அவர் மன்றத்தில் முழுசாகப் படித்த முதல் பக்கம் அதுதான். படித்து முடித்ததும் என் அறிவிப்பை அழித்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பக்கத்த அழிச்சிட்டு ரெண்டு வருசம் ஓட்டுனா அது அந்தாளோட மன்றம், உன்னுது இல்ல, கையில இருக்கற காசுக்கு ஆறு மாசம் கட்டு கலா, கெடு நான் வெச்சதுதான, நானே தள்ளி வெச்சிக்கிறேன்.”

ஆகவே ஜென்மங்களே, இலவச மன்றத்தில் எவ்வளவு வருது என்று இனி யாராவது கேட்டால், ஏழு கடைக் காசும் ஒரு மூட்டைக் கருவாடும் ஆறு மாசத் தவணையும் வந்தது, முழு வருஷத்துக்கு இன்னும் ஏழு கடை பிடிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவதாக இருக்கிறேன்.